இரண்டரை அடி

ஐப்பசி 9, திங்கள்

காலையிலிருந்தே தூறல். சைக்கிள் செயினுக்கு எண்ணெய். திருவொற்றியூரிலிருந்து இராயபுரம் ஆபீஸ் வரை எதிர்க்காற்று, முதுகெல்லாம் சேறு.

இராயபுரம் டிராம் நிறுத்தத்தில் கல் நட்டு முடித்துவிட்டார்கள். பத்துக் கற்கள். வெள்ளையடித்து, ஒன்றோடு ஒன்றை இரும்புச் சங்கிலியால் கோத்திருக்கிறார்கள். டிராமுக்கு நிற்பவர்கள் மேல் மாட்டுவண்டி ஏறக்கூடாது என்று இந்த ஏற்பாடு. போன மாதம் ஆபீஸில் இதற்கான வரைபடத்தை மெழுகுத் துணியில் நகல் எடுத்தவன் நான்.

கல்லுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே இரண்டரை அடி. சைக்கிள்காரர்கள் போகும் ஓரம் அதுதான். டிராம் பெட்டியோ தண்டவாளத்தைத் தாண்டி ஒரு அடிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். படத்தில் அது இல்லை. நகல் எடுக்கும்போதே கண்ணில் பட்டது. சொல்லலாம் என்று எழுந்தேன். ஓவர்சியர் யார் மீதோ எரிந்து விழுந்துகொண்டிருந்தார். உட்கார்ந்துவிட்டேன்.

ஐப்பசி 10, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

கற்களுக்கு நடுவே போகும்போது பின்னால் டிராம் மணி. முன்னே போக நேரமில்லை, ஓரம் ஒதுங்கச் சங்கிலி விடவில்லை. காலை ஊன்றிக் கல்லை அணைத்துக்கொண்டு நின்றேன். டிராம் முழங்கையை உரசிக்கொண்டு போனது. மீன்கூடைக்காரி ஒருத்தி சிரித்தாள். "இன்னாய்யா, கல்லக் கட்டிப் புடிச்சிகினு நிக்கிற? வூட்ல பொஞ்சாதி இல்லியா?"

சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டில் மனைவி தனத்திடம் சொல்லவில்லை. ரசம் நன்றாக இருந்தது.

ஐப்பசி 12, வியாழன்

ஞானம்மா விழுந்துவிட்டார்.

நிதானமாக எழுதப் பார்க்கிறேன். ஞானம்மா இராயபுரம் மருத்துவச்சி. நாற்பது வயதுக்கு மேல். சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டு குப்பம் குப்பமாகப் போவார். எங்கள் பெண் பிறந்தபோது பார்த்தவரும் அவர்தான். காலையில் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். நல்ல மழை. கற்களுக்குள் நுழைந்ததும் பின்னால் டிராம் வந்தது. விலகப் பார்த்தார். கைப்பிடி சங்கிலியில் இடித்துத் திரும்பியது. முன்சக்கரம் தண்டவாளப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. வலது கை கல்லில் அடிபட விழுந்தார். டிராம்காரன் இழுத்து நிறுத்தினான். இன்னும் நாலு முழம் வந்திருந்தால்...

ஓடிப்போய்த் தூக்கினேன். கை மணிக்கட்டில் வளைந்து தொங்கியது. அழவில்லை. "பை எங்க, பையப் பாரு, சேத்துல கீதா?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தார். ஜட்கா வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

ஆபீஸில் மூன்று கோடு தப்பாகப் போட்டேன்.

ஐப்பசி 13, வெள்ளி

ஞானம்மா வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்டிருக்கிறார்கள். எலும்பு ஒட்டும், பழையபடி மடங்குமா தெரியாது என்றாராம் டாக்டர். அடுத்த வாரம் இரண்டு பிரசவம் ஒப்புக்கொண்டிருந்தார். இப்போது யார் பார்ப்பது?

எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். குடித்துவிட்டு, அந்தப் படத்தை நகல் எடுத்தது நான் என்று சொன்னேன். இடம் போதாதென்று அப்போதே தெரியும் என்பதையும்.

கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"தெரிஞ்சிகினேதான் கம்முனு இருந்தியா?"

"ஆமாக்கா."

"போ நைனா. இப்ப உன் மூஞ்சியப் பாக்க முடியல எனக்கு."

வந்துவிட்டேன். இப்போதுதான் தனத்திடம் எல்லாம் சொன்னேன். "அவங்க இல்லாங்காட்டி நானும் கொழந்தையும் இல்ல. அத்த நெனச்சிக்கோ" என்றாள்.

ஐப்பசி 14, சனி

மனு எழுதினேன். நாடா வைத்து அளந்து, டிராம் பெட்டி நீட்டுவதையும் சேர்த்து, புதுப்படம் ஒன்று. கீழே என் கையெழுத்து. ஓவர்சியர் மேஜையில் வைத்தேன். தலை நிமிராமல், "உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?" என்றார்.

வேண்டும். அதைச் சொல்லவும் செய்தேன். மனுவை மட்டும் திரும்ப எடுக்கவில்லை.

ஐப்பசி 16, திங்கள்

மனுவுக்குப் பலன்: ஒரு பலகை. "சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளிச் செல்லவும்." முதல் கல்லோடு சேர்த்துக் கம்பம் நட்டிருக்கிறார்கள். பலகை பாதையின் பக்கமாக நீட்டிக்கொண்டு, சைக்கிளில் வருபவன் நெற்றிக்குச் சரியாக. சாயங்காலத்துக்குள் ஒரு தபால்காரர் தொப்பி பறந்தது.

இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், பென்சில் சீவினேன். நாலு பென்சில்.

ஐப்பசி 18, புதன்

பதினோரு மணிக்கு ஆபீஸ் வாசலில் சத்தம். ஞானம்மா! கழுத்தில் கட்டிய துணித் தூளியில் வலது கை. கோணலாய்ப் போன முன்சக்கரத்தை இடது தோளில் மாட்டிக்கொண்டு நேரே உள்ளே வந்து ஓவர்சியர் மேஜை மேல் போட்டார். மைக்கூடு உருண்டது.

"இறங்கித் தள்ளிக்கிட்டுப் போகணும்னு பலகை வச்சிருக்கே, பாக்கலியா?" என்றார் ஓவர்சியர்.

"கொழந்த தல வெளிய வந்துகினு கீதுன்னு ஆள் வந்து கூப்புடறான். நான் எறங்கித் தள்ளிகினு போவட்டா? பேஜாரு வாணாம் சார். நீ ஒரு தபா ஓட்டிக் காட்டு. ஓட்டிட்டீன்னா நான் வாயத் தொறக்கல."

சத்தம் கேட்டு என்ஜினீயர் துரையே வெளியே வந்துவிட்டார். என்ன விஷயம் என்றார். எல்லாரும் ஓவர்சியரைப் பார்க்க, நான் பேசினேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. மனு இன்னும் அந்த மேஜையிலேயே இருந்தது. துரை எடுத்துப் படித்தார்.

ஐப்பசி 19, வியாழன்

துரை உத்தரவுப்படி ஓவர்சியர் ஓட்டிப் பார்த்தாயிற்று. துரை குடை பிடித்து நின்றார். ஓவர்சியருக்கு என் சைக்கிள். முதல் தடவை டிராம் இல்லை, ஒய்யாரமாகப் போனார். இரண்டாம் தடவை பின்னால் மணி அடித்தது. ஆறாவது கல்லில் சைக்கிளை விட்டுவிட்டுச் சங்கிலி மேல் பாய்ந்து விழுந்தார். வேஷ்டி கிழிந்தது. மீன்காரிகள் கைதட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் மனைவி மக்கள் உண்டு.

துரை சொன்னது ஒரே வார்த்தை: எடுத்துவிடுங்கள்.

ஐப்பசி 21, சனி

கடப்பாறை போட்டு எல்லாக் கல்லையும் பெயர்த்தார்கள். பலகையும் போயிற்று. எனக்கு ஒரு குறிப்பு வந்தது: திங்கள் முதல் சாக்கடைப் பிரிவுக்கு மாற்றல். இது ஓவர்சியர் செய்த வேலைதான். போகட்டும்.

ஞானம்மா எதிர்வரிசைக் கடை ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போகலாமா வேண்டாமா என்று தயங்கி, போனேன். விரல் அசைகிறது, மணிக்கட்டு அசையவில்லை என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அந்தப் படத்த இங்க மட்டுந்தான் போட்டாங்களா?"

தெரியாது என்றேன்.

"தெரிஞ்சிகினு வா."

ஐப்பசி 22, ஞாயிறு

விடுமுறை. நல்ல வெயில். நாடாவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். தண்டையார்ப்பேட்டை நிறுத்தம். பத்துக் கற்கள், வெள்ளை இன்னும் காயவில்லை. குனிந்து அளந்தேன். இரண்டேகால் அடி.