கிணற்றடிக் கல்லறை

அக்டோபர் 9, வியாழன்

மடகாஸ்கர் பக்கத்திலுள்ள அந்தக் குட்டித் தீவின் நிர்வாக வரலாற்றை ஒரு தகவல் பலகைக்குள் அடக்கச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் மடகாஸ்கரிலிருந்து ஆண்டார்கள், பிறகு பாரிஸ், பிறகு இங்கே ரியூனியனில் ஆட்சியர், இப்போது எங்கள் அலுவலகம். ஆளில்லாத மண்ணுக்கு இத்தனை எஜமானர்களா? கடைசி வரி மட்டும் சுலபமாக வந்தது: ‘நிரந்தரமாக வாழ்ந்தவர் எவருமில்லை.’

அக்டோபர் 12, ஞாயிறு

அம்மாவிடம் வாசித்துக் காட்டியிருக்கக் கூடாது. சேஷல்ஸிலிருந்து அங்கே கொப்பரை வேலைக்குப் போன குடும்பம் அவளுடையது. எட்டு வயது வரை அந்தத் தீவில் வளர்ந்தவள். தெரிந்துதான் எழுதினேன். ஒப்பந்தக் கூலிகளைக் குடிகளாகச் சேர்ப்பதில்லை, அலுவலக வழக்கம்.

“நாங்க வந்தோம், போனோம். சரி. தம்பி?” ரூகாய்த் துவையல் கிண்ணத்தைத் தள்ளினாள். “கைக்குழந்தைடி. கிணத்தடியில பொதைச்சு, தலைமாட்டுல சங்கு பதிச்சோம். ஒப்பந்தம் முடிஞ்சதுன்னு அவனையும் கூட்டிட்டு வந்துட்டாங்களா?”

அக்டோபர் 13, திங்கள்

மேலதிகாரி கெர்ப்ரா காலையில் துள்ளினார்: “கல்லறையா? பிரமாதம் நதேழ்! தீவு தங்களோடதுன்னு மடகாஸ்கர் கேட்டா, நம்ம ஆள் அங்கே புதைஞ்சிருக்கான்னு இதைக் காட்டலாம்.” மதியம் முகம் மாறிவிட்டது. “சேஷல்ஸ் குழந்தைன்னா அப்போ பிரிட்டிஷ் பிரஜை. அவங்க பக்கச் சான்றாயிடும், வம்பு வேண்டாம். அந்த வரி அப்படியே இருக்கட்டும்.”

இறந்த பிள்ளை எந்த நாட்டுக்காரன்? நான் யார் பக்கம் — அம்மாவா, அலுவலகமா? ஒண்ணும் புரியலை.

அக்டோபர் 21, செவ்வாய்

தீவில் முறை வைத்துக் காவலிருக்கும் படையோடு ஒரு போலீஸ்காரர் உண்டு. ஃபோனில் கேட்டேன்.

“கிணத்தடியா? அது நாய்க் கல்லறை மேடம். பழைய கேப்டனோட நாயாம். புதுசா வர்ற படை வெள்ளையடிக்கணும், அதான் வழக்கம். நாங்க நாய்க்குன்னு மேல ஒரு எலும்புத் துண்டு வேற வெச்சோம்!”

“தலைமாட்டுல சங்கு இருக்கா?”

“இருக்கே. உங்களுக்கு எப்படி...”

சொன்னேன். என் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அக்டோபர் 22

நாய். இதை எப்படிச் சொல்வேன் அம்மாவிடம்?

நவம்பர் 1, சனி

அனைத்துப் புனிதர் திருநாள்; ரியூனியனில் கல்லறைகளுக்குப் பூ வைப்பது இன்றுதான். வழக்கம்போல் அம்மா, கவனிப்பாரற்ற யாரோ ஒருவரின் கல்லறையில் தம்பிக்கான பூவை வைத்தாள். அங்கேயே சொல்லிவிட்டேன். அழுவாள் என்று நினைத்தேன்.

“வருஷா வருஷம் வெள்ளையடிச்சாங்களா?” என்றாள். “உங்கப்பன் கல்லறைக்கு நீ எத்தனை தடவை அடிச்சே?”

மாலையில் போலீஸ்காரர் அழைத்தார். நாய்க்கு வைத்த எலும்பை எடுத்துவிட்டார்களாம், கல்லறையில் என்ன பெயர் எழுதட்டும் என்றார். ஞானஸ்நானத்துக்குப் பாதிரியார் வருமுன் போன பிள்ளை, பெயரே கிடையாது. அம்மா ஃபோனை வாங்கி, “தம்பின்னு எழுதுப்பா,” என்றாள்.

திங்களன்று பலகை அச்சுக்குப் போகிறது. கெர்ப்ராவிடம் என்ன சொல்வேன், தெரியவில்லை. கடைசி வரியை மாற்றிவிட்டேன்: ‘நிரந்தரமாக இருப்பவர் ஒருவர்.’