அளவில் பெரிதான அணுக்கள்

அன்புள்ள உம்மாவுக்கு, ஜாஃபரின் ஸலாம். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா?

நேற்று வந்த ரத்தப் பரிசோதனை முடிவை டாக்டர் பரமசிவம் என் முன்னால் படித்தார். சிவப்பணுக்களின் எண்ணிக்கை குறைவு. ஆனால் ஒவ்வொன்றும் அளவுக்கு மீறிப் பெரிது. நூறைத் தாண்டக் கூடாத அளவு எனக்கு நூற்றுப் பதினெட்டு.

நீங்கள் ரஃபீக்கிடம் கொடுத்தனுப்பிய இரும்புச்சத்து மாத்திரையையும் பேரீச்சம்பழத்தையும் மூன்று மாதம் விடாமல் சாப்பிட்டேன் என்றேன்.

"இரும்பு குறைஞ்சா அணு சின்னதா போகும் லா. உங்களுக்குக் குறைஞ்சது பி12. சாப்பாட்டுல இருந்து அதை எடுத்துக்க உங்க வயிறு மறுக்குதுன்னு நினைக்கிறேன். அப்படின்னா ஆயுசுக்கும் ஊசிதான்" என்றார். முதல் ஊசி போட்டாயிற்று, வலிக்கவில்லை.

இந்தக் குறைவினால் பாதம் மரத்துப்போகிறது, அதனால் ஜூரோங் கப்பல் பட்டறையில் என்னைச் சாரம் ஏற விடவில்லை. ஸ்டோரில் ஹெல்மெட் துடைக்கிறேன்.

"என்ன பாய், தரையிறங்கிட்டீங்க?" என்று கூட வேலை செய்யும் பிரேம் கேலி செய்கிறான்.

சும்மா உட்கார முடியவில்லை உம்மா. ஞாயிறன்று சிராங்கூன் சாலையில் மூன்று முறை போய்வந்தேன்.

வாப்பாவுக்கும் கடைசியில் கால் மரத்து எரிந்ததே, அவருடைய பழைய ரிப்போர்ட் பீரோவில் இருந்தால் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டாக்டர் கேட்டார். மாத்திரை இனி வேண்டாம். பேரீச்சம்பழம் மட்டும் அனுப்புங்கள், நீங்களே கொட்டை எடுத்து.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. வயிறுதான் காரணமா என்று சொல்லும் பரிசோதனையின் முடிவு வியாழக்கிழமை வரும். நான் மறுபடி சாரம் ஏறலாமா என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.