திருவிழாவுக்கு விட்ட வீடு

சித்திரை 6, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். வெள்ளையடிப்பு முடிந்தது. மாடி ஜன்னல் கம்பிக்குப் பச்சைப் பெயிண்ட். சாமான்களைப் பின்கட்டு அறைக்கு மாற்றும் வேலை: கட்டில், பெட்டி, ஊறுகாய் ஜாடிகள், வக்கீலிடம் இரவல் வாங்கிய சட்டப் புத்தகங்கள். வக்கீல் குமாஸ்தாவுக்கு இரவல்தான் சொத்து.

வருடாவருடம் இதே கதை. மாசி வீதியில் வீடு. மாடியில் நின்றால் தேர் கைக்கெட்டும் தூரம். வெளியூர்க்காரர்கள் போட்டி போட்டு வருவார்கள். திருவிழா முடியும்வரை வீடு அவர்களுக்கு, பின்கட்டு எங்களுக்கு. இந்த வருடம் பின்கட்டில் நான் மட்டும். தரகரிடம் சொல்லிவிட்டேன் என்றதுமே பங்குனியில் பாக்கியம் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

"கல்யாணமாகி ஒம்போது வருசம். எவெவளோ என் வீட்டு ஜன்னல்ல நின்னு தேர் பாக்குறா. நான் தெருவுல நின்னு அண்ணாந்து பாக்குறேன். எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

வாடிப்பட்டிக்கு இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. 'இரண்டு பேருக்கு எதற்கு இவ்வளவு பெரிய வீடு' என்று எழுதியிருக்க வேண்டாம். திருவிழா முடிந்தால் வருவாள். வராமலே இருந்துவிட்டால்?

சாயங்காலம் தரகர் சுப்பையா. "அண்ணே, பார்ட்டி அமைஞ்சிருச்சு. பொம்பளைக மூணு பேரு. பேரமே பேசல, கேட்டதைக் குடுத்துட்டாக." பணத்தைக் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே போனான். வெயிலில் அலைந்த களைப்பு போலும்.

சித்திரை 9, புதன்

அரைநாள் லீவு. வாசலில் ஜட்கா. முதலில் இறங்கியது என் மாமியார். அடுத்து கொழுந்தியாள். மூன்றாவது பாக்கியம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. வா வா என்று பெட்டியை வாங்கப் போனேன்.

"இருக்கட்டும். சாவி எங்க?"

"சாவி எதுக்கு? வீட்டை விட்டாச்சே. ஆளுக வர்ற நேரம்."

"வந்தாச்சு. அது நாங்கதான்."

சுப்பையா ஜட்காவுக்குப் பின்னால் பதுங்கி நின்றான், திருட்டுப் பயல். வாடகைக்குப் பணம் ஏது என்று கேட்டேன். வருடாவருடம் அவள் அம்மா கொடுக்கும் பொங்கல் காசாம். ஒரு காசு செலவழிக்கவில்லையாம்.

உள்ளே போகக் காலெடுத்து வைத்தேன். "குடிவந்தவுக இருக்கையில வீட்டுக்காரர் உள்ள வரக்கூடாது. நீங்க போட்ட சட்டந்தானே?" கோர்ட்டில்கூட என்னை யாரும் இப்படி மடக்கியதில்லை.

பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் பாதி சுண்ணாம்பு, பெயிண்டுக் கடனை அடைக்கப் போயாச்சு. கோபம் கோபமாக வருகிறது. இருந்தாலும் வீட்டில் அவள் குரல் கேட்கிறது.

சித்திரை 10, வியாழன்

நானே சமையல். சோறு குழைந்துவிட்டது. முன்பக்கமிருந்து கத்தரிக்காய்க் குழம்பு வாசனை. ஒரு கிண்ணம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

கிணற்றடியில் பாக்கியம். "சாமி படம் மாட்டணும். ஆணி அடிக்கலாமா?"

"கூடாது" என்றேன். எல்லாக் குடித்தனக்காரர்களுக்கும் சொல்லிச் சொல்லி ஊறிப்போன பதில்.

"சரிங்க" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பாழாய்ப்போன வாய்.

சித்திரை 12, சனி

தேர். தெருவில் எதிர்ச்சாரியில் நின்றேன். முன்னால் நின்றவர் தோளில் குழந்தை, ஒன்றும் தெரியவில்லை. அண்ணாந்தால் என் வீட்டு ஜன்னல். கம்பியைப் பிடித்தபடி பாக்கியம். தேர் அவளுக்கு நேர் எதிரே வந்து நின்றது. கும்பிட மறந்து அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் கண்ணீர். வருடாவருடம் நான் ஊரார்க்கு வாடகைக்கு விட்டது இதைத்தான். வெட்கமாக இருந்தது.

பக்கத்தில் ஒருவர்: "அந்த மாடியில நிக்கிறவுக குடுத்து வச்சவுக."

"என் சம்சாரம்" என்றேன்.

"அப்ப நீரு ஏன்யா இங்கன நிக்கிறீரு?"

மறுபடி அண்ணாந்தேன். கழுத்து இன்னும் வலிக்கிறது.

சித்திரை 13, ஞாயிறு

அழகர் ஆற்றில் இறங்கியாச்சு. கூட்டத்தில் என் செருப்பு போச்சு. மூன்று பேரும் விடியுமுன்பே ஆற்றுக்குப் போய்விட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை.

சித்திரை 14, திங்கள்

லேசான தூறல், மண் நனையவில்லை. வாசலில் ஜட்கா. மாமியார் பெட்டி ஏறியது, கொழுந்தியாள் பெட்டி ஏறியது. பாக்கியத்தின் பெட்டியும் ஏறியது.

"போகாதே" என்றேன். மாமியார் இருக்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை. "இனிமேல் யாருக்கும் வீட்டை விடலை."

"விடக்கூடாதுன்னு நான் எப்பச் சொன்னேன்? விடட்டுமான்னு ஒரு வார்த்தை என்னையக் கேட்டீகளா?"

கேட்டதில்லை. ஒரு வருடம்கூடக் கேட்டதில்லை. அதை அப்படியே சொன்னேன். அவள் வண்டிப் படியில் கை வைத்தபடி நின்றாள்.

சனியன் பிடித்த நேரத்தில் சுப்பையா. "அண்ணே, போன வருசத்துத் திருநெல்வேலி ஆளுக அடுத்த சித்திரைக்கு இப்பவே முன்பணம் தாறாகளாம். என்ன சொல்லட்டும்?"

"உன் மதினியைக் கேளு" என்று பாக்கியத்தைக் காட்டினேன்.

சுப்பையா திருதிருவென்று முழித்தான். பாக்கியம் வண்டிப் படியிலிருந்து கையை எடுத்தாள். அப்புறம் அவன் பக்கம் திரும்பினாள்.

"கீழ்வீடு மட்டும் தாறோம். மாடி கிடையாது. அதுல நாங்க ரெண்டு பேரும் நின்னு தேர் பாக்கணும்."

தன் பெட்டியை இறக்கச் சொன்னாள். நல்ல கனம். நான்தான் தூக்கினேன்.