சாலையில் போட்ட மரக்கிளைகள்

லிலோங்வே

அம்மாவுக்கு லிம்பானி வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

இன்று ஒரு வேடிக்கை. புதுச் சைக்கிள் பாதையில் கான்கிரீட் காயும்வரை யாரும் ஏறக்கூடாதென்று, சாலையில் மரக்கிளைகளை வெட்டிப் போட்டேன். இழவு வீட்டுக்குப் பக்கத்தில் சாலையில் கிளை போடுவதுதானே நம் வழக்கம்; பக்கத்தில் இழவு வீடு என்று நினைத்து, சைக்கிளில் வந்தவர்களெல்லாம் இறங்கி, தொப்பியைக் கழற்றி, பேசாமல் தள்ளிக்கொண்டு போனார்கள். மேஸ்திரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒரு அம்மா இழவு வீட்டுக்குக் கொடுக்க மக்காச்சோள மாவோடு வந்துவிட்டார்.

"யாரு தம்பி தவறிட்டாங்க?"

"எங்கப்பாதான், அம்மா."

பொய்யில்லையே. அப்பாவின் அடக்கம் முடிந்த பிறகுதானே எனக்குச் சேதி வந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அப்பாவின் சைக்கிளை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். டயரில் காற்று மட்டும் அடித்து வையுங்கள்.

மேஸ்திரி கூப்பிடுகிறார். கான்கிரீட் இறுகிவிட்டதாம், கிளைகளை எடுக்க வேண்டுமாம்.

லிம்பானி