ஒரே வீட்டில் நாலு பேர்

ஜனவரி 9

ரம்லத் டாக்டருடைய வெளியீட்டுப் பட்டியலைத் தட்டச்சு செய்து முடித்தேன். எண்பத்தாறு கட்டுரைகள்! அடுத்த மாதம் எங்கள் புற்றுநோய் மையத்துக்கு இயக்குநர் தேர்வு. அவரை விட்டால் யார் இருக்கிறார்கள்?

பட்டியலின் மகுடம் 2011 கட்டுரை. கோழிக்கோட்டுக் கடற்கரை வார்டுப் பெண்களுக்கு வாய்ப்புற்றுநோய் இரண்டு மடங்கு என்று சொன்னது. நானூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருக்கின்றன. பரிசோதனை வண்டி வாராவாரம் அந்த வார்டுக்குப் போவதும் அதனால்தான். அதற்காக நோயாளிகளிடம் விவரம் கேட்டுப் பதிந்தவன் நான். எனக்கும் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

ஜனவரி 17

பழைய நோயாளிகளில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று விசாரிக்கப் போனேன். கடற்கரை வார்டில் ஒரே வீட்டில் நாலு பேர். கட்டுரையிலேயே தனியாகக் குறிப்பிட்ட வீடு அது. வீட்டுக்காரி கதீசும்மா கதவைத் திறந்தார்.

"அவங்களா? எல்லாரும் வயநாட்டுக்காரங்க மோனே. என் தங்கச்சியக் கட்டிக்கொடுத்த ஊரு, வெள்ளாரங்குன்னு. அங்கிருந்து யாரு ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் இங்கதான் இறங்குவாங்க."

"நாலு பேருமா?"

"நாலா? பத்துப் பதினஞ்சு பேராவது வந்திருப்பாங்க. ஒருத்தரும் பிழைக்கல. சுலைமானி டீ குடிக்கிறியா?"

குடிக்க முடியவில்லை. 'ஒரு வருடத்துக்கு மேல் வசிக்கிறாரா?' என்பது படிவத்தில் ஏழாவது கேள்வி. நான் கேட்கவே இல்லை. மறுபரிசோதனைக் கடிதம் மலைக்குப் போய்ச் சேர நாளாகும், இங்கேயே எழுதிவிடலாம் என்று நானாக இரக்கப்பட்டுத் தங்கியிருந்த வீட்டு விலாசத்தை எழுதினேன். எத்தனை பேருக்கு இப்படி எழுதினேன்?

ஜனவரி 18

சொல்லணுமா? தேர்வு முடியட்டுமே.

ஜனவரி 20

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"அந்த வீட்டுத் தண்ணியில என்ன இருக்குன்னு ஆறு மாசம் கிணறு கிணறா அலைஞ்சேனே பிரசன்னா!"

பிறகு, "அப்ப மலையில எத்தனை பேர் போயிருப்பாங்க?" என்று மட்டும் கேட்டார்.

பிப்ரவரி 2

கடற்கரை வார்டு என்று பதிந்திருந்த நூற்று நாற்பத்து மூன்று பெயர்களையும் விசாரித்தாயிற்று. எழுபத்தொரு பேர் மலைக்காரர்கள். கடற்கரையில் நோய் அதிகமே இல்லை. மேலே, வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் தோட்டத்துப் பெண்களிடம்தான்.

எங்கள் மையத்துக் குரியாக்கோஸ் டாக்டர் வந்து, ரம்லத் டாக்டர் முன்னால் தலைதலையாக அடித்துக்கொண்டார்.

"இன்னும் மூணு வாரந்தானே? தேர்வு முடிஞ்சதும் திருத்திக்கோங்க. யாரு கேக்கப் போறா?"

"மூணு வாரமும் வண்டி தப்பான தெருவுக்குத்தானே போகும்?"

"பன்னெண்டு வருஷமாப் போகுதே!"

"அதுதான் குரியாக்கோஸ், என்னைத் தூங்க விடல."

பிப்ரவரி 5

இதழுக்கு அனுப்பும் திருத்தக் குறிப்பில், பதிந்தவனின் பிழை என்று என் பெயரைப் போடச் சொன்னேன்.

"கட்டுரையில முதல் பேர் யாரோடது?"

"உங்களோடது மேடம்."

"புகழுக்கு நான், தப்புக்கு நீயா? போய்யா. பதிவேட்டைச் சரிபாக்க வேண்டியது என் வேலை."

'பிழை என்னுடையது' என்றே எழுதி அனுப்பினார். கழிப்பறைக்குப் போய் அழுதேன். இப்படி ஒரு மனுஷிகிட்ட பதினாறு வருஷம் வேலை பார்த்திருக்கேன், இன்னிக்குத்தான் முழுசாப் பார்த்தேன்.

பிப்ரவரி 27

தேர்வு. திருத்தத்தைப் பற்றித்தான் முக்கால் மணி நேரம் கேட்டார்களாம். இயக்குநர் வேறு ஆள், வெளியூர்க்காரர்.

மதியம் ரம்லத் டாக்டர் வழக்கம்போல என் மீன் வறுவலில் பாதியை எடுத்துக்கொண்டார்.

ஜூன் 14

மலையைப் பற்றிய புதுக் கட்டுரை வெளிவந்தது. பழையதை மேற்கோள் காட்டிய நானூறு பேரும் இதைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கில்லை. வெள்ளாரங்குன்னு பஞ்சாயத்துத் தலைவி மட்டும் அதன் நகலைப் பரிசோதனை வண்டி கேட்கும் மனுவோடு இணைத்துச் சுகாதாரத் துறைக்கு அனுப்பியிருக்கிறார்.

செப்டம்பர் 3

வண்டி இன்று மலைப்பாதை ஏறியது. டாக்டருக்கு ஒன்பதாவது வளைவில் வாந்தி.

மார்ச் 11

வெள்ளாரங்குன்னிலிருந்து ஒரு பெண்ணைப் பதிந்தேன். வயது நாற்பத்து நான்கு. நோயின் நிலை என்ற கட்டத்தில் 'ஒன்று' என்று எழுதினேன். அந்த ஊர்க்காரர்களுக்கு இதுவரை முற்றிய நிலையான மூன்றும் நான்கும்தான் எழுதியிருக்கிறேன். படிவத்தை டாக்டரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"விலாசம் ஒழுங்காக் கேட்டியா?"

"கல்யாணமாகி வந்த இருபத்து மூணு வருஷமா அங்கதான் மேடம்."

"பிழைச்சுக்குவா," என்றார்.

படிவத்தைத் திருப்பித் தர அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.