ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங்

பழங்காநத்தம்,
மதுரை.

அன்பு மகன் கிளமெண்டுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் தங்கை ஆன்சியும் இங்கே சுகமாக இருக்கிறோம், அந்தப் பனி ஊரில் உனக்கும் அதே சுகத்தை அவர் தர வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கல்கரியில் மைனஸ் இருபது என்று ஆன்சி போனில் பார்த்துச் சொன்னாள். நீ அனுப்புகிற போட்டோவில் எல்லாம் குல்லா இருக்கிறது, ஆனால் அது தினமும் மாட்டுவதா, போட்டோவுக்காக மாட்டியதா என்று எனக்குச் சந்தேகம்தான். முழங்கால் வலிக்கு டாக்டர் புது மாத்திரை எழுதினார், பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒரே மாத்திரை, அட்டைதான் வேறே. பால்காரர் மாறிவிட்டார், பாலில் தண்ணீர் மட்டும் மாறவில்லை.

இதைப் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் சரிம்மா விடுங்கம்மா என்பாய், இது விடுகிற விஷயம் இல்லை. சூரியபிரகாஷ் விஷயம். அப்பா இறந்த பிறகு இந்த இரண்டு வருஷமாக நம் வாடகைப் பாத்திரக் கடை வேலையில் பாதியும் அந்தப் பழைய பிக்கப்பும் அவன் கையில்தான் இருந்தது, ஹாஸ்டலில் தங்கி உன்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன், ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் சாப்பிட்டு, உன்னை மாப்ள மாப்ள என்று கூப்பிட்டு வளர்ந்தவன் என்ற நம்பிக்கையில் கொடுத்தேன். நம்பிக்கை என்று எழுதிவிட்டேன், உள்ளதைச் சொன்னால் வாரம் ஒரு தடவை டீசல் டேங்கில் குச்சி விட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வண்டி கொஞ்ச நாளாகக் குலுங்குகிறது, டீசல் ஃபில்டரை மாற்ற வேண்டும் என்று இரண்டு தடவை வந்து கேட்டான். ஓடுகிற வண்டிக்கு எதற்கு ஃபில்டர், நீயும் கடைக்காரனும் பேசி வைத்துக்கொண்ட பில்லா என்று கேட்டேன், அதற்கப்புறம் அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

போன மாதம் வாடிப்பட்டியில் ஒரு கல்யாணத்துக்கு அண்டா, அடுப்பு, நாலு கேஸ் சிலிண்டர் எல்லாம் ஏற்றிக்கொண்டு போனான். திரும்பி வருகிற மத்தியானம் பரவையிலிருந்து போன் வந்தது. "டீச்சர், ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங். பேயாண்டி அண்ணன்ட்ட விட்டுருக்கேன், ரெண்டு நாளாகும்" என்றான். பேயாண்டி யார், பரவை மார்க்கெட் பக்கம் ஷெட் போட்டிருக்கிற மெக்கானிக். மிஸ்ஸிங் என்றால் காணாமல் போனது, முப்பத்திரண்டு வருஷம் போர்டில் எழுதிப்போட்டுச் சொல்லிக்கொடுத்தவளுக்கா அர்த்தம் தெரியாது. கேஸ் சிலிண்டரைக் கொண்டுபோய் மெக்கானிக்கிடம் தள்ளிவிட்டு, காணோம் என்று எனக்கே போன் போடுகிறானே, என்ன நெஞ்சழுத்தம் என்று மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் வைத்துவிட்டேன். சாயங்காலம் வேறொரு லோடு ஆட்டோவில் சாமானோடு வந்து இறங்கினான், வண்டி பேயாண்டி ஷெட்டில் நிற்கிறது என்றான், அது என் காதில் ஏறவில்லை, நான் எண்ணிப் பார்த்தேன், சிலிண்டர் மூன்றுதான் இருந்தது. அதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும் சொல்.

எல்லாவற்றையும் இறக்கி அடுக்கும் வரை காத்திருந்தேன். பிறகு டீக்கடையில் நிற்கிறவர்கள் எல்லாரும் பார்க்க, கடைச் சாவியை மேசையில் வை, இனி வண்டிப் பக்கம் வராதே, காரணம் உனக்கே தெரியும் என்றேன். அவன் முகம் செத்துப்போயிற்று. நான் ரெண்டு தடவ ஃபில்டர மாத்தணும்னு சொன்னேன்ல டீச்சர் என்று முனகினான். திருட்டைக் கேட்டால் ஃபில்டரைச் சொல்கிறான், பேச்சை எப்படித் திருப்புகிறான் பார் என்றுதான் எனக்குத் தோன்றியது. சாவியை வைத்துவிட்டுத் தன் ஊர் எழுமலைக்குப் பஸ் ஏறிவிட்டான். அன்றைக்குத்தான் உனக்குப் போன் போட்டு உன் சிநேகிதன் கை வைத்துவிட்டான் என்று சொன்னேன், நீயும் அவனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுவிட்டதாக மறுநாள் சொன்னாய்.

அதே மறுநாள் காலையில் அந்தக் கல்யாணத்துச் சமையல்காரி சுந்தரம்மாள் வந்த ஆட்டோவில் நாலாவது சிலிண்டர் வந்து இறங்கியது. கல்யாண வீட்டில் அன்று ராத்திரிப் பந்திக்குத் தேவைப்பட்டதென்று அவனிடம் தானே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டதாகச் சொன்னாள். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும், வரவில்லை. பயந்துபோய் இவள் மூலமாகத் திருப்பி அனுப்புகிறான், இவளுக்கும் இதில் பங்கு என்று முடிவு கட்டி, அவளுக்கு ஒரு வாய் காப்பி கூடக் கொடுக்காமல் அனுப்பினேன்.

அப்புறம் வண்டியை மீட்க வேண்டுமே, ஆன்சியைக் கூட்டிக்கொண்டு பரவைக்குப் போனேன். பேயாண்டியும் கூட்டாளிதான், நம் வண்டியில் நல்ல பாகத்தைக் கழற்றிவிட்டு ஓட்டையை மாட்டிவிடுவான் என்று ஸ்டூலைப் போட்டு இன்ஜினுக்கு நேராகவே உட்கார்ந்தேன். அவன் சிரித்துக்கொண்டே வண்டியை ஸ்டார்ட் செய்தான், வண்டி முழுக்க உதறியது, புகை கண்ணை எரித்தது. டீசல் போகிற நாலு குழாயின் நட்டையும் ஒவ்வொன்றாகத் தளர்த்திக் காட்டினான். முதல் குழாயைத் தளர்த்தியதும் டீசல் பீச்சியது, இன்ஜின் சத்தம் தொய்ந்தது, இறுக்கியதும் பழையபடி ஆனது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைத் தளர்த்தினான், டீசல் பீச்சுகிறது, சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "இதுதான் டீச்சரம்மா மிஸ்ஸிங். நாலு சிலிண்டர்ல இந்த ஒண்ணு வேல செய்யல. சூர்யா அன்னைக்கு ரோட்டுலயே கண்டுபிடிச்சுட்டான்" என்றான்.

கிளமெண்ட், நான் அந்த ஸ்டூலில் இருந்து எழுந்திருக்கவே இல்லை. இன்ஜினுக்குள்ளும் சிலிண்டர் இருக்கிறதாம், அது ஒழுங்காக அடிக்காவிட்டால் அதற்குப் பெயர் மிஸ்ஸிங்காம், பரவையில் டீ ஆற்றுகிறவருக்குக் கூட இது தெரிந்திருக்கிறது. அப்படியும் நான் விடவில்லை, அந்தச் சிலிண்டரே போய்விட்டது என்று சொல்லி இன்ஜினையே பிரித்துப் போடப் பார்க்கிறாயா என்று கேட்டேன். அவன் கோபப்படாமல் மூன்றாவதில் டீசலை உள்ளே பீச்சுகிற இன்ஜெக்டரைக் கழற்றி இரண்டாவதில் மாட்டினான், இரண்டாவதில் இருந்ததை மூன்றாவதில் மாட்டினான், இப்போது மூன்றாவது அடித்தது, இரண்டாவது செத்துக் கிடந்தது. ஆக இன்ஜினில் குறை இல்லை, கோளாறு அந்த இன்ஜெக்டரோடு இடம் மாறியிருக்கிறது. அதன் மூக்கில் அழுக்கு அடைத்திருந்தது. ஏன் அடைத்தது என்று கேட்டேன், பதிலுக்கு அவன் ஃபில்டரைக் கழற்றி ஒரு தட்டில் கவிழ்த்தான், கருப்பாகச் சேறு விழுந்தது. ஆன்சி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்க்கவில்லை.

பம்ப் சர்வீஸ் கடையில் கொடுத்து இன்ஜெக்டருக்கு நாசில் என்கிற அந்த மூக்கைப் புதிதாகப் போட்டு, புது ஃபில்டர் மாட்டி, குழாயில் நின்ற காற்றைக் கைப்பம்பு அடித்து வெளியேற்றி ஸ்டார்ட் செய்தான், அப்பா வாங்கி வந்த புதிதில் கேட்ட சத்தம் மாதிரி சீராக ஓடியது. எனக்குத்தான் மூச்சு சீராகவில்லை.

நேற்று உசிலம்பட்டி போய் அங்கிருந்து எழுமலைக்குப் பஸ் மாறிப் போனேன். சூரியபிரகாஷ் வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தினேன், அதனால் தனியாகக் கேட்பது சரியில்லை என்று அவன் அம்மா அழகம்மாளையும் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களையும் கூப்பிட வைத்து, அவர்கள் முன்னால் என் தப்பைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டான். சாவியை நீட்டினேன், வாங்கவில்லை. நீ அவனுக்கு என்ன மெசேஜ் அனுப்பினாய் என்று அவனிடம் கேட்டேன், அழித்துவிட்டேன் என்றான், சொல்லும்போதே போனைச் சட்டைப்பைக்குள் தள்ளினான், அழிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பஸ் ஏற்றிவிட வந்தபோதுதான் வாயைத் திறந்தான். "நீங்க சந்தேகப்பட்டது எனக்குப் பெருசு இல்ல டீச்சர், நீங்க எல்லாரையும்தான் சந்தேகப்படுவீங்க. மாப்ள என்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றான்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன். என்னுடைய சந்தேகத்தை உனக்கும் ஊட்டிவிட்டேனே என்று அழுதேன், ஆனால் நீ முப்பத்தைந்து வயது ஆள், என் மேல் மட்டும் பழி போட்டுத் தப்பிக்கப் பார்க்காதே. என் மன்னிப்பை நான் கேட்டாயிற்று, உன்னுடையதையும் சேர்த்துக் கேட்டுவிடலாம் என்று வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன், அது நீ கேட்க வேண்டியது. சுந்தரம்மாள் வீட்டுக்கும் நான் போக வேண்டியிருக்கிறது, நாளைக்குப் போகிறேன்.

காதை மூடிக்கொண்டு வெளியே போ, நேரத்துக்குச் சாப்பிடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உனக்கு நல்ல மனதைத் தருவாராக. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்குப் போன் போடுவாயே, இந்த ஞாயிறு எனக்கு வேண்டாம், அவனுக்குப் போடு. மெசேஜ் அனுப்பாதே. அவன் எடுக்கும் வரை போடு.

உன் அம்மா
பாக்கியம்