ஈட்டுக்கு வந்த கிற்றார்

மங்கை,

எங்கடை பாட்டுக் குழு நோர்மன் கொழும்புக்குப் போக இயக்கத்திட்டைப் பாஸ் எடுக்க நான்தான் பிணை நிண்டனான். அவன் திரும்பி வருமட்டும் எங்களுக்குப் பாஸ் கிடையாது எண்டு நீர் காலமை கத்தினது சரிதான். ஆனால் யாவாரியின்ரை மகன் நான் சும்மா கையெழுத்து வைப்பனோ? அவன்ரை கிற்றாரை ஈடாக வாங்கினனான்.

பின்னேரம் குழுவிலை மிச்ச ஆக்கள், ஹரோல்ட் ஆக்கள், வாசிக்க வருவினம். பால் விடாத பிளேன்ரீயும் கடிக்கப் பனங்கட்டியும் குடும். கிற்றார் அலுமாரிக்குப் பின்னாலை. அறுந்த கம்பிக்குப் பதிலாய்ச் சைக்கிள் பிறேக் வயர் தேடப் போறன்.

பிற்குறிப்பு: கிற்றார் உறையைத் திறந்து பார்த்தன். உள்ளுக்கு நோர்மன்ரை பாட்டுக் கொப்பி. ஒவ்வொரு பாட்டுக்குக் கீழையும் தன்ரை பெயரை வெட்டிப்போட்டு எங்கடை பெயர்களை எழுதியிருக்கிறான். அவன் வரமாட்டான், மங்கை.

ஹரோல்டுக்குச் சொல்லாதையும். இண்டைக்கு ஆசைதீர வாசிக்கட்டும். நீரும் வழமைபோலக் குசினிக்குள்ளை இருந்து அகப்பையாலை தாளம் போடும். இனி இஞ்சைதானே இருக்கப்போறம்.